நண்பன் பூட்டிய சிறை

பகைவன் ஓர் எழுத்தாளனைச் சிறையிலிட்டால் பதறுகிறோம், கொடுங்கோல் என்கிறோம், கூட்டம் கூட்டிக் கண்டிக்கிறோம். நன்று! ஆனால், நமக்கு வேண்டியவரின் ஆட்சியில் அதே பூட்டு, அதே இருட்டறை இருந்தால்? அப்போது மட்டும் நம் நா ஏன் எழ மறுக்கிறது?

1964ஆம் ஆண்டு. லெனின்கிராடு நகர நீதிமன்றம். கூண்டிலே 23 வயது இளைஞர், சோசப் பிராட்ஸ்கி. கொலையா செய்தார், கொள்ளையா அடித்தார்? இல்லை, கவிதை எழுதினார். உழைக்காமல் உண்ணும் ஒட்டுண்ணி என்பது குற்றச்சாட்டு. உம்மைக் கவிஞர் என ஏற்றவர் யார் என்று கேட்டார் நீதிபதி. அரசு முத்திரை குத்தினால்தான் கவிஞனாம்! ஐந்தாண்டுக் கட்டாய உழைப்பு எனத் தீர்ப்பாயிற்று. குளிர் வாட்டும் வடபுலத்து ஆர்க்காங்கெல்ஸ்க் பகுதிக்கு அனுப்பப்பட்டார்.

அந்த மன்றத்திலே ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். எழுத்தாளர் ஃபிரீடா விக்தொரோவா. எழுதாதே என்று நீதிபதி தடுத்தும், கேள்வியையும் பதிலையும் குறித்துக்கொண்டார். அக்குறிப்பு கை மாறிக் கை மாறி நாட்டின் எல்லையையும் கடந்தது. கவிஞர் அக்மதோவா பரிந்து பேசினார். இசைமேதை சோஸ்தகோவிச் பரிந்து பேசினார். 1965இல் பிரெஞ்சு அறிஞர் சார்த்தர், சோவியத் தலைவர் மிக்கோயனுக்கு மடல் விடுத்தார்.

சார்த்தர் யார்? சோவியத்தின் பகைவரா? அல்லர், அந்நாட்டுக்குப் பன்முறை சென்று வந்த நண்பர். பிராட்ஸ்கியின் கொள்கையரா? அதுவும் இல்லை. நட்பைக் காட்டி வாய்மூடி இருந்திருக்கலாம். நட்பின் உரிமையைக் கொண்டே கேட்டார். அவ்வாண்டே, ஒன்றரையாண்டுத் தண்டனையோடு பிராட்ஸ்கி விடுதலை பெற்றார். அதைக் காண விக்தொரோவா இல்லை. சில வாரங்களுக்கு முன்பே மறைந்துவிட்டார்.

வேண்டியவரைக் கண்டித்தால் மாற்றார் மகிழ்வாரே என்பர் சிலர். மகிழட்டும்! அவர்கள் மகிழ்வார்கள் என்பதற்காக அநீதி நீதியாகிவிடுமா? நண்பன் நெறி தவறும்போது இடித்துரைப்பதே நட்பு என்றார் வள்ளுவர். அன்றியும், கவிதைக்கு விடையாகச் சிறையைக் காட்டுபவன், தன்னிடம் வேறு விடை இல்லை என்றே ஒப்புக்கொள்கிறான். அறிவை நம்பும் நாம் அந்த ஒப்புதலுக்கு அரண் கட்டலாமா?

தோழர்களே! நமக்கு உடன்பாடானதைப் பேசும் உரிமையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உடன்பாடற்றதை எழுதியவன் உள்ளே கிடக்கும்போது, பூட்டியவன் நம்மவனே ஆயினும், அவன் பெயர் சொல்லி ஒரு மடல் எழுத நம் கை முன்வருகிறதா? கருத்துரிமையில் நமக்குள்ள பற்று மெய்யா, பொய்யா என்பதை அந்த மடல் காட்டிவிடும்.