முதலில் எதை எடுப்பது?

ஏழெட்டு வருடம் உழைத்த லேப்டாப் ஒருநாள் எழுந்திருக்க மறுக்கிறது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காதை அருகே கொண்டுபோனால் உள்ளேயிருந்து 'டிக்... டிக்... டிக்' என்று அளந்து வைத்ததுபோல ஒரு சத்தம் கேட்கிறது. தகட்டின் மேல் தன் தடத்தைத் தேடும் முனை, அது அகப்படாமல் போய்ப் போய்த் திரும்பும் சத்தம் அது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்கோ ஊரிலுள்ள சர்வீஸ் கடைக்கோ போனால், தொழில் தெரிந்தவர் செலவைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "உள்ள எதுங்க முக்கியம்?" நம் வாயில் தயாராக இருக்கும் பதில், "எல்லாமே வேணும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைத் தவிர வேறு பதில் நம்மிடம் இல்லாமல் போனதுதான் இங்கே பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். டிஸ்க் பழுதாவதற்கு வெகுகாலம் முன்பே நடந்துவிட்ட இழப்பு அது.

இதைப் புரிந்துகொள்ள அந்தச் சின்னப் பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். லேப்டாப்பின் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்கில், கண்ணாடிபோல மெருகேறிய தகடு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. அதன் வெளி விளிம்பு மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டத்துக்கு மேலே, சில நானோமீட்டர் உயரத்தில், காற்றுப் படலத்தில் மிதந்தபடி முனை படிக்கிறது. தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர் என்றால், அறையில் மிதக்கும் சாதாரணத் தூசி அந்த இடைவெளியில் ஒரு பாறை. வீட்டு மேசையில் வைத்து டிஸ்க்கைத் திறக்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்கிற பழைய கைவைத்தியத்தையும் நம்ப வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கொண்டு தகட்டைக் கெடுக்கும். இன்னொன்றும் நடக்கிறது. ஓர் இடம் படிக்க வராவிட்டால் டிஸ்க் அதைச் சும்மா விடுவதில்லை. அதே இடத்தில் திரும்பத் திரும்ப முயல்கிறது. 512 பைட் கொண்ட ஒரே ஒரு செக்டாருக்காகப் பல நொடிகள் போய்விடும். வெளியே இருக்கும் நமக்கு 'ஹேங்' ஆனதுபோலத் தெரியும். அடிபட்ட முனை என்றால் இந்த முயற்சியே தகட்டைச் சுரண்டி, நன்றாக இருந்த பகுதியையும் தின்றுவிடும். ஆக, சாகக் கிடக்கும் டிஸ்க்கிடம் இன்னும் இவ்வளவு நேரம்தான் படிக்க முடியும் என்று ஓர் அளவு இருக்கிறது. அது நாலு நாளா, நாற்பது நிமிடமா என்பது யாருக்கும் தெரியாது.

அந்த நேரத்தை நாம் எப்படிச் செலவிடுகிறோம்? மனம் பதறுகிறது, எது மிகவும் பிரியமோ அந்த போல்டரைத் திறக்கிறோம். திறக்கவில்லை. மறுபடி. இன்னொரு முறை ரீஸ்டார்ட். விண்டோஸ் தானாக முன்வந்து 'செக் டிஸ்க்' ஓட்டட்டுமா என்கிறது, சரி என்கிறோம். எல்லாம் பிரியத்தில் செய்வதுதான். ஆனால் ஒவ்வொன்றும் அந்தக் குறைந்த நேரத்தை, வராத இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. இதற்கு நேர்மாறான வழியில் போகிறது 'டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச மென்பொருள். அந்தோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் 2004 முதல் எழுதிவருவது. பழுதான டிஸ்க்கை வேறொரு நல்ல டிஸ்க்குக்கு அப்படியே படியெடுக்கும்போது, தடை வந்த இடத்தில் அது நிற்பதில்லை, தாண்டிப் போய்விடுகிறது. எளிதாக வருவதையெல்லாம் முதல் சுற்றில் வாரிக்கொள்கிறது. பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பி, ஓரங்களிலிருந்து சுருக்கிச் சுருக்கி, கடைசியில் செக்டார் செக்டாராகச் சுரண்டுகிறது. எது வந்தது, எது வரவில்லை, எதை இன்னும் தொடவே இல்லை என்பதை ஒரு தனிக் கோப்பில் கூட்டல் குறி, கழித்தல் குறி, கேள்விக்குறி போட்டுக் குறித்துக்கொண்டே போகிறது. நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கிடைக்காததன் முன்னால் உட்கார்ந்து அழாமல், கிடைப்பதை வாங்கிக்கொண்டு பிறகு திரும்பி வரும் இந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் இந்த மென்பொருளுக்கு எது அருமை என்று தெரியாது. பாட்டியின் குரலும் பிரிண்டர் டிரைவரும் அதற்கு ஒன்றே. டிஸ்க்குக்கு இன்னும் தெம்பு இருந்தால் அதுவே நல்லது, எல்லாம் வந்துவிடும். தெம்பு இல்லாதபோது, முனை எந்த நேரமும் நின்றுவிடலாம் என்ற நிலையில், கைதேர்ந்தவர்கள் முதலில் கோப்பு அட்டவணையைப் படித்துவிட்டு, வேண்டிய கோப்புகள் இருக்கும் இடங்களை மட்டும் குறிவைத்து எடுப்பார்கள். அங்கேதான் "எதுங்க முக்கியம்?" என்ற கேள்வி உயிர்நாடியாகிறது. 500 ஜிபி டிஸ்க் ஒன்றில் என்ன இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விண்டோஸ், மென்பொருள்கள், சினிமாப் படங்கள், பாட்டுகள், போனிலிருந்து இறக்கிய ஃபார்வர்டு வீடியோக்கள். இவையெல்லாம் உலகத்தில் வேறெங்கோ இருக்கின்றன. பழைய போனில் பதிந்த குரல் ஒரு நிமிடத்துக்கு 100 கேபிகூட வராது. பத்து நிமிடப் பேச்சு ஒரு எம்பிக்குள் அடங்கும். மொத்த டிஸ்க்கில் 5 லட்சத்தில் ஒரு பங்கு. நொண்டி நொண்டி ஓடும் டிஸ்க்கும் அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கொடுத்துவிடும், அது எந்த போல்டரில் இருக்கிறது என்று நாம் சொல்ல முடிந்தால்.

சொல்ல முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மீட்புத் தொழிலிலேயே சான்று இருக்கிறது. கோப்பு அட்டவணை அழிந்துபோனால் 'போட்டோரெக்' போன்ற கருவியை ஓட்டுவார்கள். அது பெயரையோ போல்டரையோ பார்ப்பதில்லை. ஜேபெக் படம் என்றால் அதன் தொடக்கத்தில் வரும் குறிப்பிட்ட சில பைட்டுகளைத் தேடி, அங்கிருந்து அள்ளுகிறது. வேலை முடிந்ததும் நம் கையில் வந்து சேர்வது ஆயிரக்கணக்கான கோப்புகள். எஃப் என்ற ஓரெழுத்தும் ஒரு நீண்ட எண்ணும்தான் ஒவ்வொன்றுக்கும் பெயர். பிரவுசர் எப்போதோ சேமித்த விளம்பரப் பட்டை, கட்டைவிரல் நக அளவு ஐகான்கள், அவற்றுக்கு நடுவே ஒரு கல்யாணம், மறுபடி ஐகான்கள். தரவு வந்துவிட்டது, ஆனால் 'பெரியம்மா வீடு, கடைசிப் பொங்கல்' என்று யாரோ தட்டச்சு செய்து வைத்த பெயர் வரவில்லை. கேமரா பதித்த தேதி சில படங்களுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது ஏன் கடைசிப் பொங்கல் என்பதை அந்தத் தேதி சொல்லாது. 'கடைசிப் பொங்கல்' என்ற அந்த இரண்டு சொற்களை எழுதிய கைதான் அதுவரை அந்தப் படத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது. மற்ற படங்களுக்கு நாம் அந்தச் சிறு வேலையைக்கூடச் செய்யவில்லை; கேமரா கொடுத்த எண்ணோடு கிடந்தவற்றுக்கு, அட்டவணை அழிந்ததால் போன பெயர் என்று ஒன்றும் இல்லை.

தமிழில் எழுதிவைத்தவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு துயரம் உண்டு. 1991-லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் வீடுகளிலும் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பல வருடங்கள் புழங்கியவை வேறு குறியீடுகள்: திஸ்கி, 1999 சென்னை மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப், இலங்கையிலும் புலம்பெயர்ந்த வீடுகளிலும் பரவலாக இருந்த பாமினி. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல்தான். அந்தக் காலத்துக் கடிதம் ஒன்றை ஒரு பைட் குறையாமல் மீட்டு, இன்றைய கணினியில் திறந்து பாருங்கள். பாமினியில் அடித்ததென்றால் 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அதன் பின்னால் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலக் குவியலாக நிற்கும். பழுது என்று நினைத்து அதை அழித்துவிடுபவர்கள் இருக்கக்கூடும். உண்மையில் அந்தக் கோப்பு முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறது; அதைப் படிக்கும் வழியைத்தான் நாம் கூட அழைத்து வரவில்லை. எழுத்துரு மாற்றி ஒன்றில் ஒட்டினால் ஒரு நொடியில் தமிழாகிவிடும். பத்து வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது திறந்து பார்த்திருந்தால், மாற்றி வைத்திருந்தால், இந்தச் சிக்கலே இல்லை.

இவ்வளவு பேச்சு எதற்கு, பேக்கப் எடுத்து வைத்தால் முடிந்தது, இப்போது கிளவுட் வேறு இருக்கிறது என்பார்கள். பேக்கப் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லோரும் இன்றே எடுக்க வேண்டும். ஆனால் அதுவும் நாம் பார்க்காத இன்னொரு பெட்டியாகிவிடும் ஆபத்து உண்டு. 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் ஒரு தவறான கட்டளையால் அழிந்துகொண்டே போயின. பேக்கப் இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தால், அது சில வாரங்களாகச் சரியாக வேலை செய்யவில்லை. யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. படத்தைக் காப்பாற்றியது, குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் தன் வீட்டுக் கணினியில் வைத்திருந்த பிரதி. அன்றாடம் ஒருவர் திறந்து வேலை செய்த பிரதி என்பதுதான் இதில் நான் கவனிப்பது. நம் டிஸ்க்கும் இப்படியே. தன்னால் படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்கள் எத்தனை என்று அது 'ஸ்மார்ட்' என்ற தன் கணக்கில் எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கும் ஆள்தான் இல்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. எது முக்கியம் என்று இன்றைக்கே எப்படித் தெரியும்? இன்று குப்பை என்று தள்ளும் மாதாந்திரச் செலவுக் கணக்குதான், முப்பது வருடம் கழித்து அந்தக் குடும்பம் எப்படி வாழ்ந்தது, அரிசிக்கும் பால் பாக்கெட்டுக்கும் என்ன கொடுத்தது என்று சொல்லும் ஒரே சாட்சியாக இருக்கலாம். இந்த மறுப்பை முழுவதுமாக ஏற்றுக்கொள்கிறேன். எதையும் எடுக்காமல் விடுங்கள் என்பது என் வாதம் கிடையாது. வரிசை வேண்டும் என்பதே வாதம். வரிசை தெரிந்தவருக்கு டிஸ்க் ஒத்துழைத்தால் எல்லாமே கிடைக்கும்; ஒத்துழைக்காவிட்டால் முதல் பத்தாவது கிடைக்கும். வரிசை தெரியாதவருக்கு எது மிஞ்சுவது என்பதைத் தகட்டில் கீறல் விழுந்த இடம் தீர்மானிக்கும். அந்த அதிர்ஷ்டம் சில நேரம் வியக்கவைக்கும் அளவுக்கு நம் பக்கம் நிற்கும் என்பதும் உண்மை. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதறியபோது டெக்சாஸில் விழுந்த சிதைவுகளில், செனான் வாயுவின் பாகுநிலையை ஆராய்ந்த சோதனையின் ஹார்ட் டிஸ்க் கருகிக் கிடைத்தது. க்ரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தார் அதன் தகடுகளைக் கழுவி, வேறொரு பெட்டியில் பொருத்தி, ஏறத்தாழ 99 விழுக்காட்டை மீட்டார்கள். முடிவுகள் 2008-இல் ஆய்விதழில் வெளிவந்தன. டிஸ்க் பாதிதான் நிரம்பியிருந்தது. அது ஓடிய டாஸ் இயங்குதளம் தரவை அங்குமிங்கும் சிதறவிடாமல் அடுத்தடுத்து எழுதிவைத்திருந்தது. பள்ளம் விழுந்ததெல்லாம் வெற்றிடத்தில். எல்லாவற்றையும் விளிம்புவரை திணித்து வைத்திருக்கும் நம் டிஸ்க்கில் கீறல் விழ வெற்றிடம் ஏது?

போனால் போகட்டும், மறதியும் மனிதனுக்கு நல்லதுதானே என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சில துக்கங்களுக்கு அது பொருந்தும். ஆனால் மறப்பது மனம் செய்யும் வேலை. பேரிங் தேய்ந்ததற்கு அந்தப் பெயர் சூட்டக் கூடாது. தவிர, போகட்டும் என்று நாம் விட்டது நிஜமாகவே போய்விடுவதும் இல்லை. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷேலத் என்ற இரண்டு எம்ஐடி மாணவர்கள் பழைய சந்தையில் 158 ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிப் பார்த்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், யார் யாருடையவோ கிரெடிட் கார்டு எண்களும் சொந்தக் கடிதங்களும் அவற்றில் கிடந்தன. டெலிட் செய்தால் ஹார்ட் டிஸ்க்கில் அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். மேலே வேறொன்று எழுதப்படும்வரை பழையது அங்கேயே இருக்கும். அழிக்க நினைத்தது அந்நியன் கையிலும், காக்க நினைத்தது கீறலுக்கு அடியிலும் போய்ச் சேர்வதற்கு ஒரே காரணம்தான்: இரண்டையும் நாம் பார்த்துச் செய்யவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த லேப்டாப்பில் இருப்பது நம்முடையது மட்டுமில்லை. அந்தப் படங்களில் நிற்கும் அத்தையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் தங்கள் முகத்தை நம்மிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். போகட்டும் என்று தனியாக முடிவெடுக்க நமக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது?

எவ்வளவு கவனமாக எடுத்தாலும் கடைசிச் சுற்று முடிந்த பிறகு டிடிரெஸ்க்யூவின் குறிப்புக் கோப்பில் சில வரிகளுக்கு எதிரே கழித்தல் குறி நிற்கும். அதற்குமேல் முயன்றால் டிஸ்க் சூடாகுமே ஒழிய எதுவும் வராது, அங்கே நிறுத்திவிடலாம். அந்த வரிகளில் ஒன்று ஒரு படத்தின் நடுவில் விழுந்திருக்கும். திறந்தால் மேல்பாதியில் கூடத்து மின்விசிறி, சுவரில் மாட்டிய காலண்டர், நாலு பேருடைய தலைகள், சிரிப்புக்குத் தயாராகும் கண்கள். அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். அந்தப் படத்தை நீக்கிவிடாமல், அந்த நாலு பேரின் பெயரையும் தெரிந்த வருடத்தையும் அதன் பெயராக எழுதி வைப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.