"நீர் முஃமின்தானா?"

"நீர் முஃமின்தானா?" என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? சிறுபிள்ளைக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் நமது முன்னோர்களான உலமாக்கள் இதன்பேரில் நெடுங்காலம் தர்க்கித்திருக்கிறார்கள்.

ஹனஃபி உலமாக்கள், "நான் நிச்சயமாக முஃமின்" என்றே சொல்ல வேண்டும் என்பார்கள். 'இன்ஷா அல்லாஹ்' என்று சேர்த்தால் சந்தேகம் தொனிக்கும். சந்தேகமும் ஈமானும் ஒரே கல்பில் தங்கா. ஷாஃபிஈ உலமாக்களில் பெரும்பாலோர், "இன்ஷா அல்லாஹ், நான் முஃமின்" என்று சொல்வதை அனுமதிக்கிறார்கள். இவர்களுக்கு இன்றைய ஈமானில் சந்தேகமில்லை. மவுத்து வேளையில் அது நிலைக்குமா என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான் என்ற அச்சம்தான். அவர்கள் இன்றைய நிலையைப் பார்த்துச் சொன்னார்கள். இவர்கள் முடிவைப் பார்த்துச் சொன்னார்கள். இரண்டும் ஈமானின் மீதுள்ள கவலையே.

பிறகு நடந்ததுதான் விபரீதம். பிற்கால ஹனஃபிகளில் சிலர், 'இன்ஷா அல்லாஹ்' சேர்ப்பது குஃப்ரு, எனவே ஷாஃபிஈ பெண்ணை நிகாஹ் செய்யலாகாது என்று எழுதி வைத்தார்கள். இன்னொருவர், யூத, கிறிஸ்தவப் பெண்களை மணப்பதுபோல மணந்துகொள்ளலாம் என்று 'தாராளம்' காட்டினார்! காயல்பட்டினத்து ஷாஃபிஈ வீட்டுப் பெண் உள்நாட்டு ராவுத்தர் வீட்டுக்கு மருமகளாகப் போனால், இந்தத் தீர்ப்புப்படி அவள் நிலை என்ன? ஒரு வார்த்தைக்காகக் குடும்பமே குலையும்.

ஹிஜ்ரி 970ல் வஃபாத்தான இப்னு நுஜைம் (ரஹ்) அவர்கள், தாமும் ஹனஃபியாக இருந்தும், 'அல்பஹ்ருர் ராயிக்' கிதாபில் இதை ஏற்கவில்லை. சந்தேகத்தோடு சொல்பவனுக்கே அந்தத் தீர்ப்பு. ஷாஃபிஈகள் அப்படிச் சொல்வதில்லை. ஆகவே நிகாஹ் தாராளமாகக் கூடும் என்று முடித்துவிட்டார்கள். சொன்னவன் என்ன கருத்தில் சொன்னான் என்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அதே கிதாபில் இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு பேச்சுக்குக் குஃப்ரான பொருள்கள் பல இருந்து, குஃப்ரல்லாத பொருள் ஒன்றே இருந்தாலும், முஃப்தி அந்த ஒன்றின் பக்கமே சாய வேண்டும்.

யுத்தகளத்தில் கலிமா சொன்னவரை, உயிருக்குப் பயந்து சொன்னார் என்று கருதி உஸாமா (ரலி) அவர்கள் வெட்டிவிட்டார்கள். அவர் கல்பைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டதில், இன்றுதான் இஸ்லாத்தில் சேர்ந்திருக்கக் கூடாதா என்று உஸாமா ஏங்கிப்போனார்கள்.

நம் வீடுகளில் இப்போது வேறொரு பெயர் கேட்கிறது. கல்லூரிக்குப் போன பையன் வாக்குவாதச் சூட்டில், "நான் நாஸ்திகன்" என்று சொல்லிவிடுகிறான். வாப்பா உடனே, "வீட்டை விட்டுப் போ" என்கிறார். ஃபத்வா கொடுக்க அவர் எங்கே ஓதினாரோ! "எதையப்பா மறுக்கிறாய்?" என்று முதலில் கேளுங்கள். வட்டி வாங்குகிறவர் முதல் ஸஃப்பில் நிற்பதை மறுக்கிறேன் என்பான். அந்த மறுப்பு நமக்கும் உண்டே! குழந்தைகள் ஏன் நோயில் சாகின்றன என்பான். அதற்குக் கோபம் பதிலாகாது. ஓர் ஆலிமிடம் அழைத்துச் செல்லுங்கள். எங்கள் ஊர்ப் பையனாயிருந்தால் என்னிடமே அனுப்புங்கள். அஸருக்குப் பிறகு மஃரிப் வரை பள்ளியில்தான் இருக்கிறேன்.