வெற்றியும் வரம்பும்

விளையாட்டென்பது பகையன்று, இளையோர் தத்தம் ஆற்றலை ஒருவரோடொருவர் பொருதறியும் பயிற்சியே. ஒருபால் மிக்க வலிமையும் மற்றொருபால் மெலிவும் உளவாயின், வலியவர் முற்ற ஆடுதல் அறமோ, அடங்கி ஆடுதல் அறமோ என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

2016 ஜனவரி 4, 5 ஆகிய நாட்களில், மும்பையை அடுத்த கல்யாண் நகரில் பள்ளிகளுக்கிடையே கிரிக்கெட் ஆட்டமொன்று நிகழ்ந்தது. ஆரிய குருகுலப் பள்ளியார் 31 ஓட்டங்களில் வீழ்ந்தனர். கே. சி. காந்தி பள்ளியார் 3 விக்கெட்டுகளை மட்டும் இழந்து 1465 ஓட்டங்கள் குவித்தனர். அவற்றுள் 1009 ஓட்டங்கள் 15 அகவைச் சிறுவன் ஒருவன் ஆட்டமிழவாது எடுத்தவை. மீண்டும் ஆடிய குருகுலத்தார் 52-இல் முடிந்தனர். மூத்த மாணவர் பரீட்சையின்பொருட்டு வாராமையின் இளஞ்சிறாரே அவர்பால் களத்து நின்றனர் என்பர். உலகம் அவ்வெண்ணைக் கொண்டாடிற்று. பந்தின்பின் ஓடி இளைத்த சிறாரை நினைந்தார் சிலரே.

அற்றேல், வல்லவன் தளர ஆடுதல் பொய்யாகாதோ, எதிரியை இகழ்தலாகாதோ எனின், ஆம், ஆகும். வேண்டுமென்றே தவறுதல் இரக்கத்தின் வேடம் பூண்ட செருக்கே. சிறுவர் அதனை எளிதில் கண்டுகொள்வர். ஆயின் தளர்தல் வேறு, நிறுத்துதல் வேறு.

இவ்வேற்றுமையை வடசென்னையார் நன்கறிவர். இராயபுரம் முதலிய இடங்களில் கேரம் பலகையைச் சூழ்ந்து சிறுவர் ஆடுதல் பழகிய காட்சி. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று பொற்பதக்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டையினரே. அவ்வாட்டத்தில் முதலில் அடிப்பவர் ஒரே முறையில் வெள்ளைக் காய் ஒன்பதையும் சிவப்புக் காயையும் குழியில் வீழ்த்துவராயின், எதிரிலிருப்பவர் கைகட்டியிருப்பதன்றிச் செய்வது யாதுமில்லை. எனினும் அதனைக் கொடுமையென்பார் இலர். என்னை? 25 புள்ளி எய்தியதும் ஆட்டம் முற்றுப்பெறுதலின். ஆண்டு விதியே வரம்பிடுகின்றது. நாட்கணக்கில் நிகழும் கிரிக்கெட்டிலோ, 'போதும்' என்று தம் ஆட்டத்தை முடித்துக்கொள்ளும் உரிமை தலைவனிடமே விடப்பட்டுள்ளது. விதி வாய்மூடிய இடத்து அறம் பேசுதல் வேண்டும்.

அச்சிறுவனைக் குறை கூறேம். அவன் கற்றதைச் செய்தான். ஒவ்வாதாரை எதிர்நிறுத்தலும், வெற்றி துணிந்தபின்னும் நிறுத்தாமையும் முதியோர் பிழைகளே. பேரெண் ஒன்றே ஆற்றலை வளர்த்துவிடாது. மும்பைக் கிரிக்கெட் சங்கம் அளித்த உதவித்தொகையை, மகன் ஆட்டம் தளர்ந்தமையின் வேண்டாவென 2017-இல் அவன் தந்தையாரே எழுதினர். ஒப்பாரோடு பொருதாலன்றி வன்மை உரம் பெறாது.

வேடனாய் வந்து அருச்சுனனொடு பொருத பெருமான் கணத்தில் அவனை வீழ்த்தவல்லன். எனினும் வில்லாலும் மல்லாலும் அவன் ஆற்றல் முழுதும் வெளிப்பட இடந்தந்து, பின்னரன்றோ பாசுபதம் ஈந்தருளினன்! மறைத்தலும் அருளே என்பது நம் சித்தாந்தம். அது வஞ்சித்தற்கன்று, உயிர் பக்குவமுறுதற்கே. வலிய அணியார் தம் பின்வரிசைச் சிறுவர்க்கு மட்டையைக் கொடுத்தலும், தமக்கே கடிய இலக்கு வகுத்துக்கொள்ளுதலும் இம்முறையின்பாற்படும். அவை பொய்யாகா, எல்லாரும் மெய்யாகவே ஆடுகின்றனராதலின்.

எண்ணைப் பெருக்கிக்கொண்டே செல்ல விழைவது ஆணவம். அதற்குப் 'போதும்' என்னும் சொல் தெரியாது. தோற்ற சிறுவனும் மறுநாள் ஆடவரும் விருப்போடு வீடு திரும்புவானாயின், அன்றே வென்றவன் வெற்றியும் நிறைவுற்றதாகும்.