அடைக்கலம் தேடி வருபவளுக்கு நம் வாசல் திறந்திருக்கிறதா?



மதீனமா நகரில் ஒரு வைகறை. இருள் இன்னும் விலகவில்லை. சுபுஹுத் தொழுகைக்காக வெளியே வந்த அருமை நாயகம் (ஸல்) அவர்கள், தம் வாசலில் ஒரு பெண் நிற்பதைக் கண்டு யாரென்று வினவினார்கள். அவர் ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி). தம் கணவர் ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களோடு இனி வாழ இயலாது என்று முறையிட்டார். கணவர் அடித்ததில் அவர் உடம்பில் ஓரிடம் முறிந்துபோயிற்று என்று அபூதாவூத் கிரந்தத்தின் அறிவிப்பு கூறுகிறது.

பெருமானார் (ஸல்) அவர்கள் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பொறுத்துப் போகும்படி புத்தி சொல்லவுமில்லை. கணவரை வரவழைத்தார்கள். மஹராகக் கொடுத்த தோட்டங்களைப் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடும்படி பணித்தார்கள். ஹபீபா (ரலி) தம் குடும்பத்தாரிடம் போய்ச் சேர்ந்தார்.

இன்று நாம் என்ன செய்கிறோம்? கைக்குழந்தையும் வீங்கிய முகமுமாகத் தாய்வீடு வரும் மகளை, “ஊர் என்ன சொல்லும்? பிள்ளைகளுக்காகவாவது ஸப்ரு செய்” என்று மறுநாளே கொண்டுபோய் விட்டு வருகிறோம். ஸப்ரு என்பது நோயிலும் வறுமையிலும் அல்லாஹ்வின் நாட்டத்தைப் பொருந்திக்கொள்வது. ஒருவன் செய்யும் அநியாயத்துக்கு இடங்கொடுப்பது ஸப்ரு ஆகாது. அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள், அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பதல்லவா நபிமொழியின் கருத்து?

நிஸா அத்தியாயத்தின் 34ஆம் வசனத்தைக் காட்டி வாதிடுவோர் உண்டு. அந்த வசனம் இறங்கப்பெற்ற நாயகம் (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் ஒருபோதும் கையால் அடித்ததில்லை என்பதற்கு அன்னை ஆயிஷா (ரலி) சாட்சி. காயம் உண்டாக்குவதும் முகத்தில் அறைவதும் கூடாதென்பது இமாம்களின் தீர்ப்பு. அடிக்காமல் விடுவதே சிறப்பு என்றார்கள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). பாத்திமா பின்த் கைஸ் (ரலி) மறுமணம் பற்றி யோசனை கேட்டபோது, பெண் கேட்டவர்களில் ஒருவர் மனைவியரை அடிப்பவர் என்பதை ஒளிக்காமல் எடுத்துச் சொன்னார்கள் பெருமானார் (ஸல்). மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்கும் நாம், அவன் கையை விசாரிக்கிறோமா?

அதே அத்தியாயத்தின் 35ஆம் வசனம், இரு குடும்பத்திலிருந்தும் நடுவர்களை ஏற்படுத்தச் சொல்கிறது. நம் ஜமாஅத்துப் பஞ்சாயத்தும் அந்த வழியில் வந்ததே. ஆனால், துன்புறுத்துவதற்காக மனைவியரைத் தடுத்து வைக்காதீர்கள் என்ற பகரா அத்தியாயத்தின் கட்டளையையும் நடுவர்கள் மறக்கலாகாது. சமாதானம் பேசுமுன் அவளும் பிள்ளைகளும் பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்ப்பதே முதற் கடமை.

அதற்கு நாட்டின் சட்டமும் துணை நிற்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. எல்லாச் சமயத்துப் பெண்களுக்கும் உரியது. கோர்ட்டுக்குப் போனால் ஷரீஅத் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டாம். இந்தச் சட்டம் நிக்காஹை முறிப்பதில்லை. ஓங்கும் கையைத்தான் தடுக்கிறது. கணவன் வீட்டிலேயே குடியிருக்கும் உரிமை, செலவுக்குப் பணம், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவு ஆகியவற்றை நடுவர் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

இராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட பெண் ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தா வீட்டில் ஒதுங்கியிருந்தால், அவள் தங்கியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மனுச் செய்யலாம். அடித்தவன் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்டத்தின் மாவட்ட நீதிமன்றமும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லையே என்ற கவலையும் வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்ட உதவி இலவசம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

நடுராத்திரியில் ஆபத்தென்றால் 181 என்ற எண்ணுக்கும், குழந்தைகளுக்காக 1098 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம், கட்டணமில்லை. போக்கிடமற்றவர்கள் சில நாட்கள் தங்கவும், சிகிச்சையும் ஆலோசனையும் பெறவும், ‘சகி’ என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மாவட்ட அளவில் செயல்படுகின்றன. இந்த எண்களைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் பெண்கள் மதரஸாவிலும் எழுதி வைப்பது முத்தவல்லிகளுக்கு ஒரு நாழிகை வேலை.

சகோதரிகளே! அடுத்த வீட்டில் அலறல் கேட்டால் ஜன்னலைச் சாத்தாதீர்கள். அந்தச் சத்தத்தில் நடுங்கும் பிள்ளைகளையாவது அழைத்து வந்து உங்கள் வீட்டில் உட்கார வையுங்கள். சகோதரர்களே! திரும்பி வந்த மகள் உங்களுக்கு அவமானம் அல்லள். அல்லாஹ் உங்களிடம் ஒப்படைத்த அமானிதம்.

ஹபீபாவுக்கு (ரலி) வைகறையில் கிடைத்த நீதி, நம் மஹல்லாக்களின் பெண்மக்களுக்கும் கிடைக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.