பூட்டியவர் பொறுப்பு

1973 நவம்பர் 9. டெக்சஸ் சிறையில் லாரியிலிருந்து பஞ்சுப் பொதி இறக்கிக்கொண்டிருந்த ஜே. டபிள்யூ. கேம்பிள் என்ற கைதியின் மேல் பொதி ஒன்று விழுந்தது. நாலு மணி நேரம் வேலையைத் தொடர்ந்தார். பிறகு உடம்பு பிடித்துக்கொண்டது. அடுத்த மூன்று மாதங்களில் சிறை மருத்துவர்களும் ஊழியர்களும் அவரை 17 முறை பார்த்திருக்கிறார்கள். மாத்திரைகள் மாறி மாறி வந்தன. ஒரு மருந்துச் சீட்டைத் தொலைத்துவிட்டதால் நாலு நாள் அந்த மருந்து கிடைக்கவில்லை. வேலைக்குப் போக மறுத்ததற்குத் தண்டனை வேறு. முதுகுக்கு எக்ஸ்ரே மட்டும் எடுக்கவில்லை.

இதையெல்லாம் அவர் கைப்பட எழுதிய மனு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே அலட்சியம் செய்வது, அரசியலமைப்பின் எட்டாவது திருத்தம் தடுக்கிற கொடிய தண்டனைக்குச் சமம் என்று 1976-இல் தீர்ப்பு எழுதினார் நீதிபதி தர்குட் மார்ஷல்.

‘வெளியே இருக்கிற ஏழைக்கே நல்ல வைத்தியம் இல்லை, உள்ளே இருப்பவனுக்கு எதற்கு?’ என்று நம்மூரிலும் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வெளியே இருக்கும் ஏழை கடன் வாங்கலாம், இன்னொரு ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கலாம், மருந்துக்கடையில் ஒரு பாராசிட்டமாலாவது கேட்டு வாங்கலாம். கைதிக்கு அந்த மாத்திரைகூட இன்னொருவர் மனம் வைத்தால்தான். அவன் நல்லவனா கெட்டவனா என்பது இங்கே பேச்சே இல்லை. அவனுடைய உரிமை கருணையில் பிறக்கவில்லை. கதவுக்குப் போட்ட பூட்டில் பிறக்கிறது. நீதிமன்றம் விதித்தது இத்தனை ஆண்டு சிறை என்றுதான். முதுகுவலியைச் சேர்த்து விதிக்கவில்லை.

சரி, கேம்பிளுக்கு என்ன கிடைத்தது? மருத்துவர்மீது அவர் சொன்ன புகார் நிற்கவில்லை. 17 முறை பார்த்தாயிற்று, எக்ஸ்ரே எடுக்காதது மிஞ்சிப்போனால் மருத்துவத் தவறு, கொடுமை அல்ல என்றது நீதிமன்றம். இனி வரும் கைதிகளுக்கெல்லாம் உரிமை. வாங்கிக் கொடுத்தவருக்குக் கையில் ஒன்றுமில்லை.

மாறுபட்டு எழுதியவர் நீதிபதி ஸ்டீவன்ஸ் ஒருவர்தான். தண்டனை எப்படிப்பட்டது என்று பாருங்கள், கொடுத்தவரின் நோக்கத்தை ஏன் தேடுகிறீர்கள் என்பது அவர் வாதம். எனக்கு அவர் பக்கம்தான் சரியென்று படுகிறது. வலிப்பது கைதியின் முதுகில். நீதிமன்றம் தேடுவதோ அதிகாரியின் மனதில். 1994-இல் வந்த ஃபார்மர் வழக்கு இதை இன்னும் இறுக்கியது: ஆபத்து அதிகாரிக்கு உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டும், தெரிந்திருக்க வேண்டியவர் என்பது மட்டும் போதாது. தெரியாமல் போன அதிகாரியின் கதவுக்கும் பூட்டு அதே பூட்டுதானே?

அதே டெக்சஸில் 2019 முதல், கைதி தானாகக் கேட்டு மருத்துவரைப் பார்க்கப் போனால் பெரும்பாலும் 13.55 டாலர் அவர் கணக்கில் எழுதப்படுகிறது. காசில்லை என்று திருப்பி அனுப்புவதில்லை; கடனாக நிற்கும். அங்கே கைதிகள் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கூலி கிடையாது.