முன்வரிசைப் படுக்கை யாருக்கு?

முசிறிப் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்குப் பேறுகாலம் பார்க்கப் போகும் தாய்மார்கள் இன்று அபூர்வமில்லை. பெட்டியில் பிரசவ லேகியமும் அங்காயப் பொடியும் ஏறிவிடும். மூட்டுவலித் தைலம் கூடவே போகும். திருச்சியிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். அங்கே மாறி சான் பிரான்சிஸ்கோ போக இன்னும் ஏறத்தாழ 15 மணி நேரம். அறுபத்தைந்து தாண்டியவர் மடக்கிய காலோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டுமா? பல லட்சம் கொடுத்து முதல் வகுப்பில் அனுப்புவது தகுமா?

எகானமியிலிருந்து பிசினஸ் வகுப்புக்கு ஏறினாலே, நீண்டதூர விமானங்கள் பெரும்பாலானவற்றில் காலை நீட்டிப் படுக்க இடம் கிடைத்துவிடுகிறது. வலியுள்ள உடம்புக்கு வேண்டியது அதுதான். அதற்கு மேல் முதல் வகுப்புக்குக் கொடுக்கும் பணம் கதவு வைத்த அறைக்கும், தனி உபசரிப்புக்கும், பிறர் கண்ணில் படாமல் இருப்பதற்கும் போகிறது. அந்தச் செலவை முழங்காலின் பேரில் எழுத முடியாது.

செலவும் டிக்கெட்டோடு முடிவதில்லை. முதல் வகுப்புப் பயணியின் கணக்கில் சேரும் கரிம உமிழ்வு, எகானமிப் பயணியுடையதைப் போல ஒன்பது மடங்கு வரை போகலாம் என்று 2013-இல் உலக வங்கியின் ஆய்வறிக்கை ஒன்று கணக்கிட்டது. ஒருவர் அடைத்துக்கொள்ளும் இடத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. பருவநிலை குலைந்து மழை பொய்த்தால், மேட்டூர் அணை எப்போது திறக்கும் என்று காத்துக் கிடக்கும் காவிரிக் கரைக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

முதல் வகுப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. காந்தி 1917-இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு ரயிலில் மூன்றாம் வகுப்பில் வந்து, அந்தப் பெட்டிகளின் நெரிசலையும் அழுக்கையும் எழுதினார். வைஸ்ராயும் மகாராஜாக்களும் முன்னறிவிப்பின்றி அவ்வப்போது அதில் போய்ப் பார்த்தால் சீக்கிரமே மாற்றம் வரும் என்றார். விமானத்துக்கும் அது பொருந்தும். சொல்லுக்கு மதிப்புள்ளவர்கள் எல்லாம் முன்பக்கம் போய்விட்டால், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பதைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

அதற்காக ஒரு தாயின் வலியைக் கொள்கைக்குப் பலி கொடுப்பது அறமாகாது. கம்பெனிச் செலவில் பிசினஸ் வகுப்பில் பறக்கும் பிள்ளைகள், தாய்க்கு யோசிக்காமல் எகானமி போடுவதும் நடக்கிறது. ‘எனக்கெதுக்குப்பா அவ்வளவு செலவு’ என்று அவரும் சொல்வார். வாழ்நாளெல்லாம் கடைசியில் சாப்பிட்டுப் பழகியவரின் பேச்சு அது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது பிள்ளைக்குத்தான் சௌகரியம். கையில் காசில்லை என்றால் நடைபாதை ஓர இருக்கை, வீல்சேர், சிங்கப்பூரில் ஓர் இரவுத் தங்கல் என்று பார்க்கலாம். இருந்தால், கேட்காமலே பிசினஸ் வகுப்பு போட்டுவிட வேண்டும். போகும்போது மட்டுமல்ல, மாதக்கணக்கில் பிள்ளை தூக்கிக் களைத்துத் திரும்பும்போது அது இன்னும் அவசியம்.