தாமதத்திற்கு ஈடு கேட்பது பேராசையா?

பிறர்க்குக் கொடுக்கவேண்டியதைக் கொடாதிருத்தல் குற்றம் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆனால், தமக்குப் பிறர் கொடுக்கவேண்டியதைக் கேளாதிருத்தல் எத்தகையது? அது பெருந்தன்மையா, அன்றிக் கோழைத்தனமா? நம்மவர் இவ்வினாவை அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. கேளாதிருப்பவனை 'நல்ல மனிதன்' என்றும், கேட்பவனை 'வழக்காடி' என்றும் பெயரிட்டு அத்துடன் நின்றுவிடுகின்றனர். ஆகாய விமானம் காலந்தாழ்த்திச் சென்றதற்காகக் கம்பெனியாரிடம் நஷ்டஈடு கேட்கலாமா என்னும் விஷயத்தை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம். விஷயம் சிறிதாயினும் அதனுள் அடங்கிய நீதி சிறிதன்று.

கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திருச்சிராப்பள்ளிக்குப் பறந்து செல்வோருள் செல்வர் மட்டுமா இருக்கின்றனர்? ஆண்டில் கிடைக்கும் சில நாள் விடுமுறையை விரல்விட்டு எண்ணிச் செல்லும் தொழிலாளர் எத்தனை பேர்! அவர்கட்கு ஆறு மணி நேரம் என்பது ஒரு நாள் கூலி. தந்தை இறந்த செய்தி கேட்டு ஓடுகிறவனுக்கோ, அது தந்தையின் முகத்தைக் காண்பதற்கும் சாம்பலைக் காண்பதற்கும் இடையேயுள்ள தூரம். இவர்களைப் பார்த்து, "பத்திரமாக வந்து இறங்கினீர்களே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் இருக்கின்றனர். பத்திரமாக இறக்குவது கம்பெனியார் செய்யும் தருமமன்று. அதற்காகவே டிக்கட்டுக்குப் பணம் பெற்றிருக்கின்றனர். குறித்த நேரத்தில் சேர்ப்பதும் அவ்வாறு விற்கப்பட்ட பொருளேயாகும். நேரத்தை அச்சிட்டு விற்றுவிட்டுப் பின்னர் நேரத்திற்குப் பொறுப்பில்லை என்பது எந்த வியாபார நீதி?

ஐரோப்பியர் இவ்விஷயத்தில் ஒரு தெளிவான வழியைக் கண்டனர். 2004ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2005 பிப்ரவரி 17 முதல் அமலுக்கு வந்த அவர்களது சட்டம், விமானம் ரத்துச் செய்யப்பட்டால் தூரத்திற்கேற்ப 250, 400, 600 யூரோ ஈடு கொடுக்கவேண்டும் என்று விதித்தது. 2009 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதித்துச் சேரும் பயணிகட்கும் அவ்வீடு உரியதெனத் தீர்ப்பளித்தது. இழந்த காலத்தை மீட்க முடியாது என்பதே அதற்கு அடிப்படை. 2014இல் மற்றொரு வழக்கு எழுந்தது: விமானம் சேர்ந்த நேரம் எது? சக்கரம் தரையைத் தொட்ட நேரமா, கதவு திறந்த நேரமா? கதவு திறந்த நேரமே என்றனர் நீதிபதிகள். மூடிய கதவுக்குள் இருக்குமளவும் பயணி தன் சொந்த அலுவலையோ குடும்ப அலுவலையோ தன் விருப்பப்படி பார்க்கவியலாது. ஆதலின் அவன் இன்னும் போய்ச் சேர்ந்தவனல்லன் என்பது அவர்கள் கூறிய காரணம். இக்காரணத்தை வாசகர்கள் ஊன்றி நோக்கவேண்டும். தாமதத்தால் பறிபோவது வெறும் கடிகாரத்தின் மணிகளல்ல. ஒரு மனிதன் தன் வாழ்வைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமை அவ்வளவு நேரத்திற்குப் பறிபோகின்றது.

"இருநூறு வெள்ளி டிக்கட்டுக்கு அதனினும் மிகுந்த தொகையை ஈடாகக் கேட்பது பேராசையன்றோ?" என்பர் சிலர். டிக்கட்டின் விலை பயணத்தின் விலையேயன்றிப் பயணியின் காலத்திற்கு விலையன்று. ஐரோப்பியச் சட்டம் ஈட்டைத் தூரத்தைக் கொண்டு அளக்கின்றது. கட்டணத்தைக் கொண்டு அளக்கவில்லை. முன்வரிசை மெத்தையில் சாய்ந்தவனுக்கும் பின்வரிசையில் ஒடுங்கியிருந்தவனுக்கும் ஒரே தொகை. ஏழையின் மணியும் செல்வனின் மணியும் அறுபது நிமிடமே என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டிருக்க, அதனைப் பேராசையென்று ஏழைகளே பழிப்பது விந்தையாகும்.

"அவ்வாறாயின் கட்டணம் உயருமே, அதுவும் ஏழையின் தலையில்தானே விழும்?" என்பது இதனினும் வலிய தடை. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் தாமதத்தின் செலவு இப்பொழுது மட்டும் இல்லாமற் போய்விடவில்லை. அது தாமதத்தில் அகப்பட்டுக்கொண்ட சிலர்மீது முழுவதும் விழுகின்றது. ஒருவன் தலையில் விழும் பெருஞ்சுமையைப் பலர் சிறுசிறிதாகப் பகிர்ந்துகொள்வது அநீதியாகாது. மேலும், செலவு தன் கணக்கில் ஏறுமென்று அறிந்த கம்பெனியே தாமதத்தைக் குறைக்க வழி தேடும். 2025 ஜூன் மாதத்தில் ஐரோப்பிய நாட்டு மந்திரிகள் மூன்று மணி என்னும் எல்லையைத் தூரத்திற்கேற்ப நான்கு, ஆறு மணியாக உயர்த்தலாமெனத் தமக்குள் உடன்பட்டனர். எத்தனை மணி நேரத்தை இனாமாக எடுத்துக்கொள்ளலாம் என்ற பேரம், கேட்பாரற்ற இடத்தில் எழவே எழாது.

இனி, உயிரைப் பற்றிய தடையொன்று உண்டு. "ஈட்டுக்கு அஞ்சிப் பழுதுள்ள விமானத்தைப் பறக்கவிட்டால் என் செய்வது?" என்று கேட்கின்றனர். பறக்கலாமா என்பதை விமானியும் பொறிவல்லுநரும் எவர்க்கும் அஞ்சாது முடிவு செய்யவேண்டும். அதற்கென்று தனிச் சட்டங்களும் அதிகாரிகளும் உள. பயணிகளாகிய நாம் அவர்களை அவசரப்படுத்தலாகாது. புயல் போன்ற தடுக்கவொண்ணாக் காரணங்களால் நேர்ந்த தாமதத்திற்கு ஐரோப்பியச் சட்டமும் ஈடு கேட்பதில்லை. ஆனால், இயந்திரத்தில் தோன்றும் சாதாரணப் பழுது தொழிலோடு ஒட்டிப் பிறந்தது; அது தெய்வச் செயலன்று என்று 2008 டிசம்பரில் நீதிமன்றம் கூறிற்று. பழுதைச் சீர்செய்யத் தாமதம் ஆகட்டும். அத்தாமதத்தின் செலவைப் பயணியின் தலையில் கட்டலாகாது என்பதே நம் கொள்கை.

குற்றமற்றவனுக்கும் கடமையுண்டு என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து நாட்டு எரிமலையின் சாம்பல் ஐரோப்பிய வானத்தை மூடியது. அது எந்தக் கம்பெனியின் தவறுமன்று. ஆகவே ஈடு இல்லை. எனினும், நடுவழியில் நின்ற பயணிகட்கு உணவும் தங்குமிடமும் கொடுக்கும் கடமை நீங்கவில்லை என்று 2013 ஜனவரியில் அதே நீதிமன்றம் தீர்த்தது. ஈடு வேறு, பேணுதல் வேறு. முன்னது பொறுப்பினின்று பிறப்பது; பின்னது நம்பி வந்தவனைக் கைவிடலாகாது என்னும் அறத்தினின்று பிறப்பது.

நம் நாடுகளின் நிலை என்ன? மலேசியாவில் 2016 முதல் பயணிகள் பாதுகாப்பு விதிகள் உண்டு. இரண்டு மணி நேரத் தாமதத்திற்கு உணவு தரவேண்டும். ஐந்து மணியாகி இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் தரவேண்டும். 2024 செப்டம்பர் 2 முதல், ஐந்து மணியோ அதற்கு மேலோ தாமதமாயின் பயணத்தைக் கைவிட்டுக் கட்டணத்தைத் திரும்பப் பெறவும் உரிமையுண்டு. ஆனால், பொறுத்திருந்து பயணம் செய்தவனின் காலத்திற்கு இத்தனை வெள்ளி என்று ஐரோப்பாவிற் போல வரையறை செய்யப்படவில்லை. சிங்கப்பூரிலும் அத்தகைய வரையறை இல்லை. இரு நாடுகளும் ஏற்றுக்கொண்ட 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி, நாடு விட்டு நாடு செல்லும் பயணத்தில் தாமதத்தால் உண்டான நஷ்டத்தைக் காட்டி இரண்டு ஆண்டுக்குள் வழக்கிடலாம். தடுப்பதற்குரிய முயற்சிகளையெல்லாம் செய்ததாக மெய்ப்பிக்கும் கம்பெனி தப்பித்துக்கொள்ளும். உரிமை இருக்கிறது, அதனைக் கேட்பவர்தாம் சிலர்.

ஏன்? "எல்லாம் தலையெழுத்து" என்னும் பழைய நோய் விமான நிலையம் வரையில் நம்மைத் தொடர்ந்து வருகின்றது. தவறியது பொறியோ திட்டமோ மனிதரோ என்று ஆராயாமல் விதியின்மீது பழிபோடுகிறவன், பொறுப்பாளியை விடுதலை செய்துவிடுகிறான். அவன் தன் பங்கை மட்டுமா விட்டுக்கொடுக்கிறான்? அடுத்து வரும் பயணியின் பங்கையும் சேர்த்தன்றோ விட்டுக்கொடுக்கிறான்! தன் பொருளைத் தான் வேண்டாமென்பது பெருந்தன்மையாகலாம். ஊரார் உரிமை நைந்துபோக வாளாவிருப்பது அவ்வாறாகாது.

கேட்பவர்க்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். படாத நஷ்டத்தைப் பட்டதாகக் கணக்கெழுதுவது திருட்டு. மேசைக்குப் பின் நிற்கும் பெண்ணை ஏசுவது அதனினும் கீழ்மை. விமானத்தைத் தாமதிக்கச் செய்தவள் அவளல்லள். அவளும் சம்பளத்திற்கு நிற்கும் தொழிலாளியே. கூச்சலிட்டுவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்புகிறவனைக் காட்டிலும், அமைதியாக நின்று காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, டிக்கட்டையும் செலவுச் சீட்டுகளையும் பத்திரப்படுத்தி, மறுநாள் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுகிறவனே தனக்கும் பிறர்க்கும் நன்மை செய்தவனாவான்.

ஆகவே, உண்மையோடும் பணிவோடும் கேட்கப்படும் ஈடு பேராசையுமன்று, பிச்சையுமன்று. அது கொடுத்த வாக்கைக் காப்பாற்றும்படி கேட்பதேயாகும். நம் வாசகர்கள் அடுத்த முறை தாமதத்தில் அகப்படும்போது, விதியை நோவதற்கு முன் விதிமுறையைப் படித்துப் பார்ப்பார்களாக!